பின்சக்கரம் வழுக்கட்டும்

கிருஷ்ணகிரியில் எங்கள் மொட்டைமாடியில் அக்கா மகன் தன் ரிமோட் காரை ட்ரிஃப்ட் செய்யப் பார்த்தான், அதாவது வளைவில் பின்பக்கம் வழுக்கி வெளியே ஒதுங்க, சாய்வாகவே ஓட்டப் பார்த்தான். வேகமாக விட்டுத் திருப்பினால் கார் வழுக்கவில்லை, கவிழ்ந்தது. "மாமா, மோட்டார் பத்தலை" என்றான். மோட்டாரில் குறையில்லை. ரப்பர் டயர் சிமென்ட் தரையை இறுகப் பிடித்துக்கொண்டதுதான் காரணம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் கார் வழுக்கத் தொடங்கும் வேகத்தை, டயர் தரையை எவ்வளவு பிடிக்கிறது என்று சொல்லும் உராய்வு எண்தான் தீர்மானிக்கிறது. ரப்பருக்கு அதை 1 என்று வைத்தால் மணிக்கு 11 கிலோமீட்டர் வேண்டும். கெட்டியான பிளாஸ்டிக்குக்கு 0.3 என்று வைத்தால் 6 கிலோமீட்டரே போதும். இந்தக் கணக்கில் எடை வருவதே இல்லை. தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரிக்கும் ஒன்றரைக் கிலோ ரிமோட் காருக்கும் வளைவில் ஒரே விதிதான்.

அதனால்தான் ட்ரிஃப்ட் கார்களுக்குப் பிளாஸ்டிக் டயர். கையில் காசு குறைவென்றால் சக்கரத்தை ஹார்டுவேர் கடைக்கே கொண்டுபோய், அதன்மேல் இறுக்கமாக ஏறும் பிவிசி பைப்பாகப் பார்த்து வாங்கி, நான்கு வளையம் அறுத்து மாட்டலாம். சொரசொரப்பான மாடித் தரை வளையத்தைத் தேய்த்துவிடும். எங்கள் ஊரில்தான் பாலிஷ் போட்ட கிரானைட்டுக்குப் பஞ்சமில்லையே. ஹாலில் சோபாவைத் தள்ளிவிட்டால் களம் தயார். மண் மட்டும் இருக்கக் கூடாது.

சரி, காரின் வால், அதாவது பின்பக்கம், ஏன் வெளியே போகிறது? டயருக்குக் கிடைக்கும் பிடிமானம் ஓரளவுதான். ஆக்ஸிலேட்டரை அழுத்திப் பின்சக்கரத்தை வேகமாகச் சுழற்றினால், அதில் பெரும்பங்கு வண்டியை முன்னே தள்ளவே போய்விடும். பக்கவாட்டில் தாங்குவதற்கு மிச்சமில்லாததால் வால் ஒதுங்குகிறது. அப்போது வால் போகும் பக்கமே ஸ்டீயரிங்கை ஒடித்தால் வண்டி சுழன்றுவிடாமல் சாய்வாகவே ஓடும்.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. பத்தில் ஒரு பங்கு அளவுள்ள காரில் எல்லாமே நிஜக் காரைவிட மூன்று மடங்கு வேகமாக நடக்கும். கண் பார்த்து விரல் அசையவே 0.2 வினாடி ஆகும். அதற்குள் கார் சுற்றித் திரும்பி நிற்கும். இந்த இடைவெளியை அடைப்பது கைரோ, வண்டி சுழல்வதை உணரும் சின்னக் கருவி. அதன் சிப்புக்குள் ஒரு சிலிக்கான் துணுக்கு ஓயாமல் அதிர்கிறது. வண்டி சுழன்றால் கோரியாலிஸ் விளைவால் அந்த அதிர்வு பக்கவாட்டில் விலகும். விலகலை அளந்து, முன்சக்கரங்களைத் திருப்பும் சர்வோ மோட்டாரை நம் விரலுக்கு முன்பே திருப்பிவிடுகிறது கைரோ. எனக்கு இந்தக் காரில் மிகப் பிடித்த பாகம் இதுதான்.

ஓட்டுவதற்கு முன் காரைத் தூக்கிப் பிடித்து வாலை வெடுக்கென்று வலப்பக்கம் திருப்புங்கள். முன்சக்கரங்களும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். எதிர்ப்பக்கம் போனால் கைரோவின் திசையை மாற்றிவையுங்கள்.

முதல் கார் நான்கு சக்கரமும் இழுப்பதாக இருந்தால் கைரோ இல்லாமலே பழகலாம். முன்சக்கரங்கள் வண்டியை இழுத்து நேராக்கிவிடும். பின்சக்கரம் மட்டும் இழுக்கும் காரை அப்புறம் பார்க்கலாம். தரையில் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்து அதைச் சுற்றிவர மட்டும் பழகுங்கள். ஆக்ஸிலேட்டரைக் கூட்டினால் வால் இன்னும் வெளியே போகும், குறைத்தால் கார் நிமிரும். அக்கா மகன் இப்போது பாட்டிலை இடப்பக்கமாக ஏழெட்டு முறை சுற்றிவிடுகிறான். வலப்பக்கம் இன்னும் வரவில்லை.