தாடையடியில் நெறி கட்டுவது ஏன்?

காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும் என்பது எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் தெரிந்த செய்தி. புண் ஓரிடத்தில் இருக்கும். கட்டி வேறோர் இடத்தில் தோன்றும். முகம் கழுவும்போதோ சவரம் செய்யும்போதோ தாடைக்கு அடியில் விரலில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவையும் இவ்வகையைச் சேர்ந்தவையே. ஆகவே, அப்படியொரு கட்டியைக் கண்டு திகைப்பவர் முதலில் வாயின் உட்புறத்தை நல்ல வெளிச்சத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

திசுக்களிலிருந்து வடியும் நிணநீர், இரத்தத்தோடு மீண்டும் கலப்பதற்கு முன் வழியிலுள்ள கணுக்களின் ஊடாக வடிகட்டப்படுகிறது. உடலில் 500க்கும் மேற்பட்ட நிணநீர்க் கணுக்கள் உள்ளன. அவற்றில் பெரும் பங்கு கழுத்தில் இருக்கிறது. கீழ்த்தாடை எலும்பின் விளிம்புக்கு அடியில் இருக்கும் கணுக்களுக்குக் கடைவாய்ப் பற்கள், ஈறு, கன்னம், நாக்கின் ஓரம் ஆகியவற்றின் நிணநீர் வந்து சேர்கிறது. மோவாய்க்கு நேர் கீழே உள்ளவற்றுக்கு முன்வரிசைக் கீழ்ப்பற்களிலிருந்தும் கீழுதட்டிலிருந்தும் நாக்கு நுனியிலிருந்தும் வருகிறது. சொத்தைப் பல்லிலிருந்து கிருமி அங்கே வந்து சேர்ந்ததும் வெள்ளணுக்கள் பன்மடங்காகப் பெருக, மொச்சைக் கொட்டையைவிடச் சிறிதாக இருந்த கணு ஓரிரு நாளில் நெல்லிக்காய் அளவுக்கு வீங்குகிறது. அதைச் சுற்றியுள்ள மெல்லிய உறை வேகமாக இழுபடுவதால்தான் தொட்டால் வலிக்கிறது.

இங்கேதான் பலரும் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். வலிக்கும் கட்டி அச்சத்தைத் தருகிறது, வலிக்காத கட்டி ஆறுதலைத் தருகிறது. மெதுவாக வளரும் கட்டியோ உறை விரிந்துகொடுக்க அவகாசம் கொடுத்துவிடுவதால் வலிப்பதே இல்லை. காசநோயும் புற்றுநோயும் நிணநீர்க் கணுவில் பெரும்பாலும் அப்படித்தான் வளர்கின்றன. "வலி ஒன்றும் இல்லையே, தானாகக் கரைந்துவிடும்" என்று மாதக்கணக்கில் காத்திருப்பவர்களை நினைத்துத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். தொண்டைப் புண்ணோ பல்வலியோ தணிந்தபின் நெறி இரண்டு மூன்று வாரங்களில் வற்றத் தொடங்க வேண்டும். குழந்தைகளுக்குச் சளிக் காய்ச்சலுக்குப் பிறகு பட்டாணி அளவில், விரலுக்கடியில் வழுக்கி நகரும் கணு நெடுநாள் இருப்பதுண்டு. அது பெரிதாகாதவரை கவலைக்குரியதன்று. பெரியவர் ஒருவருக்கு மூன்று வாரத்துக்கு மேலும் வற்றாமல், கல்லைப் போல் கெட்டியாக, அடியிலுள்ள திசுவோடு ஒட்டி நகராமல் இருக்கும் கட்டியை நாள் கடத்தாமல் காட்டிவிட வேண்டும்.

எல்லாக் கட்டியும் நெறி அல்ல. தாடைக்கு அடியில் உமிழ்நீர்ச் சுரப்பி ஒன்று இருக்கிறது; அதன் குழாய் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் நீளத்துக்கு மேல்நோக்கிச் சென்று நாக்கின் அடியில் திறக்கிறது. கெட்டியான உமிழ்நீர் இப்படி மேலேறிச் செல்ல வேண்டியிருப்பதால், உமிழ்நீர்ச் சுரப்பிகளில் உண்டாகும் கற்களில் மிகப் பெரும்பாலானவை இங்கேதான் உருவாகின்றன. எலுமிச்சை ஊறுகாயை நாக்கில் வைத்த சில நிமிடங்களில் தாடையடி உப்பி, விண்ணென்று வலித்து, சாப்பிட்டு முடித்து ஒரு மணி நேரத்தில் வீக்கம் மெல்ல இறங்குமானால், அநேகமாக அது கல்லடைப்புத்தான்.

காதுக்கு முன்னும் கீழும் உள்ள சுரப்பி வீங்குவது பொன்னுக்கு வீங்கி. ஈழத்தில் கூகைக்கட்டு என்பார்கள். நெறி கட்டினால் தாடை எலும்பின் முனையை விரலால் உணர முடியும். பொன்னுக்கு வீங்கியில் அந்த முனை வீக்கத்துக்குள் மறைந்துபோய், காது மடலின் நுனி மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். தங்கச் சங்கிலி அணிவிப்பதால் தீமையும் இல்லை, நோயும் குறையாது. 2017இல் தமிழ்நாட்டில் தொடங்கிய தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசியில் இந்நோய்க்கான மருந்து சேரவில்லை என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். மூன்றையும் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசி பற்றிக் குழந்தை மருத்துவரிடம் கேட்கலாம்.

மோவாயிலோ தாடை விளிம்பிலோ பரு போன்ற ஒன்று வருவதும் உடைந்து சிறிது சீழ் கசிவதும் ஆறுவதும் மறுபடி வருவதுமாக இருந்தால், தோலுக்குக் களிம்பு தடவிப் பயனில்லை. வலிக்காமலே உள்ளுக்குள் செத்துப்போன கீழ்ப்பல் ஒன்றின் வேரிலிருந்து சீழ் எலும்பைத் துளைத்து வெளியேறும் வழியாக அது இருக்கக்கூடும். பல்லுக்கு வைத்தியம் செய்தால் தோல் தானாக ஆறும்.

ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாத நிலை ஒன்று உண்டு. கீழ்க் கடைவாய்ப் பற்களில் பின்வரிசைப் பற்களின் வேர்நுனி, வாயின் தளமாக விரிந்துள்ள தசைக்கும் கீழே இறங்கியிருப்பதால், அங்கே பிடிக்கும் சீழ் நேரே கழுத்துக்குள் பரவ இயலும். இதை ஜெர்மானிய மருத்துவர் வில்ஹெல்ம் ஃபிரெடெரிக் ஃபான் லுட்விக் 1836இல் விவரித்தார். தாடையடி இருபுறமும் பலகைபோல் இறுகும், நாக்கு மேலே தள்ளப்படும், எச்சில் விழுங்க முடியாமல் வழியும், குரல் மாறும், அடுத்துச் சிக்குவது மூச்சு. இந்த அறிகுறிகள் தெரிந்தால் நள்ளிரவானாலும் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திருப்பது உயிரையே பறிக்கலாம்.

அவசரமில்லாவிட்டாலும் விரைவாகக் காட்ட வேண்டியவை வேறு சில. கட்டியோடு மாலைநேரக் காய்ச்சலும் இரவு வியர்வையும் எடைக் குறைவும் சேர்ந்தால் காசநோயை நினைக்க வேண்டும். முன்னோர் கண்டமாலை என்றது பெரும்பாலும் இதைத்தான், இன்று மாத்திரைகளால் முழுமையாகக் குணமாகிறது. காதடிக் கட்டியோடு முகத்தின் ஒரு பக்கம் கோணினால், சுரப்பியின் ஊடே செல்லும் முகநரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். புகையிலையோ பாக்கோ மெல்லும் பழக்கமுள்ளவருக்கு வாயில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறப்பது குறைதல் ஆகியவை இருந்தால் சற்றும் தயங்கக் கூடாது. புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியது.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ பல் மருத்துவரிடமோ சென்றால், அவர் பின்னால் நின்று, தலையைச் சற்றுக் குனியச் செய்து, தாடையடியை விரல் நுனிகளால் உருட்டிப் பார்ப்பார். தேவைப்பட்டால் ஸ்கேனும், மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சிப் பார்க்கும் சோதனையும் செய்யச் சொல்வார். ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்ற பேச்சை நம்பிப் பலர் இச்சோதனையைத் தவிர்க்கிறார்கள். மெல்லிய ஊசியால் அப்படிப் பரவுவது மிக மிக அரிது. பிறகு நாக்கைத் துணியால் பிடித்து ஒரு பக்கமாக இழுத்து அதன் ஓரத்தையும் அடியையும் விளக்கொளியில் பார்ப்பார். கழுத்துக் கட்டிக்கு வாயை எதற்குப் பார்க்கிறார் என்று நோயாளி நினைக்கலாம். கட்டிக்கான காரணம் பல வேளைகளில் அங்கேதான் தெரியவருகிறது.