தாலிக்கொடியில் ஊக்கு

எம்ஆர்ஐ அறை வாசலில் நின்று, "இரும்புச் சாமான் ஏதாவது இருக்கிறதா அம்மா?" என்று கேட்பேன். இல்லை என்பார்கள். தாலிக்கொடியில் இரண்டு ஊக்குகள் தொங்கிக்கொண்டிருக்கும்! பல ஆண்டுப் பழக்கத்தில் அவை கண்ணுக்கே படுவதில்லை.

உள்ளே இருப்பது 1.5 டெஸ்லா காந்தம்; பூமியின் காந்தப்புலத்தைப்போல் சுமார் 30,000 மடங்கு. ஸ்கேன் ஓடாத நேரத்திலும் அது இழுக்கும். ஊக்கு பாயும், தங்கம் பாயாது. ஒவ்வொரு எலக்ட்ரானும் ஒரு குட்டிக் காந்தம். இரண்டு எதிரெதிராக ஜோடி சேர்ந்தால் ஒன்றின் விசையை மற்றது அழித்துவிடும். இரும்பு அணுவில் நான்கு எலக்ட்ரான்கள் ஜோடியில்லாமல் நிற்கின்றன. அது மட்டும் போதாது; குரோமியம் அணுவில் ஆறு தனியாக நிற்கின்றன, ஆனாலும் குரோமியத்தைக் காந்தம் இழுத்துக்கொள்வதில்லை. பக்கத்து அணுக்களின் தனி எலக்ட்ரான்களும் ஒரே திசை பார்க்க வேண்டும். இரும்பில் அது நடக்கிறது. (தங்கத்தையும் கழற்றச் சொல்வது வேறு காரணத்துக்காக: அதில் மின்னோட்டம் தூண்டப்பட்டுச் சூடேறலாம், படமும் கெடும்.)

ஒரு பெரியவர் காலில் பிளேட் இருந்தது. "எவர்சில்வர்தான் தம்பி, வீட்டில் காந்தம் வைத்துப் பார்த்துவிட்டேன், ஒட்டவில்லை" என்றார். தோலுக்கும் சதைக்கும் அடியில் இருப்பதை அலமாரிக் காந்தம் எப்படி அறியும்?

எவர்சில்வரின் குணமும் விசித்திரமானது. அதில் பெரும்பங்கு இரும்புதான். 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் சேர்ந்தால் அணுக்களின் அடுக்கு மாறி, எலக்ட்ரான்கள் ஒரே திசையில் நிற்கும் ஒழுங்கு குலைந்துவிடுகிறது, காந்தம் ஒட்டாது. அதே தகட்டை அழுத்தி வளைத்தால் சில இடங்களில் பழைய அடுக்கைப் போன்ற ஒன்று திரும்பிவிடும். நல்ல டம்ளரிலும் விளிம்பில் மட்டும் காந்தம் லேசாகப் பிடிப்பது இதனால்தான். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

எலும்பு பிளேட்டுக்கு நிக்கல் கூடுதலான எஃகையோ டைட்டானியத்தையோ பயன்படுத்துகிறார்கள்; பெரும்பாலும் பயமில்லை. மூளை ரத்தக்குழாயில் போட்ட பழைய கிளிப்புகள் அப்படியல்ல. அவற்றில் சில வலுவாக இழுபடும் எஃகு. உள்ளே அசைந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே எங்களுக்கு வேண்டியது வீட்டுச் சோதனை அல்ல, எந்த உலோகம், எந்த மாடல் என்று எழுதிய அறுவைசிகிச்சைத் தாள்.

பெரியவரின் மகன் வீட்டுக்கு ஓடி, மஞ்சள் பையில் அதைக் கொண்டுவந்தார். டைட்டானியம் என்று இருந்தது. அரை மணி நேரத்தில் முதுகுத்தண்டு ஸ்கேன் முடிந்தது.