தொலையுணர்தல்: தொடாமலே அறிவது

ரிமோட் சென்சிங் என்பதற்கு, ஒரு பொருளைத் தொடாமல் அதிலிருந்து வரும் ஒளி, வெப்பம், ரேடார் எதிரொலி ஆகியவற்றை வைத்து அதைப் பற்றி அறிவது என்று பொருள். 'ரிமோட்', 'சென்ஸ்' இரண்டுமே லத்தீன் வேர் கொண்டவை. முதலாவது விலகி இருப்பதையும் அடுத்தது உணர்வதையும் குறிக்கும்.

அமெரிக்கக் கடற்படை ஆய்வு அலுவலகத்தில் பணியாற்றிய புவியியலாளர் எவலின் புரூயிட் 1950களின் இறுதியில் இந்தப் பெயரை முன்வைத்தார். அதுவரை 'வான்வழிப் புகைப்படம்' என்ற பெயரே போதுமானதாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பிலும், விண்வெளியிலிருந்தும் பதிவு செய்யத் தொடங்கியதும் அது போதாமல் போயிற்று.

தமிழில் பாடநூல்கள் 'தொலை நுண்ணுணர்வு' என்கின்றன. 'தொலையுணர்வு' என்றும் எழுதுகிறார்கள். உணர்வு என்றதும் மனத்தில் எழுவதே முதலில் நினைவுக்கு வருவதால், செயலைச் சொல்ல 'தொலையுணர்தல்' பொருத்தம் என்பது என் கருத்து. கருவியை 'உணரி' என்றால் சரியாக அமைந்துவிடும். 'நுண்' தேவையே இல்லை. மூலச்சொல்லில் அப்படி எதுவும் கிடையாது.

சரி, உணரி தொடாமல் எப்படி அறிகிறது? பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சி, அண்மை அகச்சிவப்பை (சிவப்பை அடுத்து வரும், கண்ணுக்குத் தெரியாத ஒளியை) பெருமளவு திருப்பி அனுப்பும். பயிர் வாட வாட அந்த வேறுபாடு குறையும். தண்ணீரோ அண்மை அகச்சிவப்பை விழுங்கிவிடும் என்பதால் அந்த ஒளியில் எடுத்த படத்தில் ஏரி கறுப்பாகத் தெரியும். 2018 கோடையில் அப்படித் தெரிந்த புழல் ஏரி, சென்னை குடிநீருக்குத் தவித்த 2019 கோடையில் ஏறக்குறைய காணாமலே போயிருந்தது. வறட்சியை இவ்வளவு அப்பட்டமாகக் காட்டும் சான்று வேறில்லை என்பேன்.

வெள்ளக் காலத்தில் மேகம் மறைத்துக்கொள்ளும். அப்போது ரேடார்தான் கைகொடுக்கும். அதன் அலைகள் மேகத்தைக் கடந்து சென்று, எங்கே தண்ணீர் நிற்கிறது என்று காட்டிவிடும். 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட, நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கிய நிசார் செயற்கைக்கோள் அந்த வகைதான். இந்தியாவின் முதல் ஐ.ஆர்.எஸ். (இந்தியத் தொலையுணர்தல்) செயற்கைக்கோள் 1988 மார்ச்சில் அன்றைய சோவியத் ஒன்றியத்தின் பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து கிளம்பியது.

அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் வரிசை 1972 முதல் பூமியைப் பதிவு செய்துவருகிறது. 2008 முதல் அந்தப் படங்கள் எல்லோருக்கும் இலவசம். உங்கள் ஊர் ஏரியின் பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கரை எவ்வளவு சுருங்கியிருக்கிறது, எந்தப் பக்கம் கட்டடம் ஏறியிருக்கிறது என்று நீங்களே அளந்துவிடலாம்.