510510: ஒரு லாட்டரிச் சீட்டு எண்

கொழிஞ்சாம்பாறை கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. ஆனாலும் கடைத்தெருவில் தமிழ் தாராளமாகக் காதில் விழும். அங்கே லாட்டரிக் கடைக்காரர் ஒரு சீட்டை உருவி நீட்டினார்: “ஃபேன்ஸி நம்பருங்க, எடுத்துக்குங்க.” எண் 510510. குலுக்கலில் இதற்கும் மற்ற எண்களுக்கும் ஒரே வாய்ப்புதான். ஆனால் கணக்கில் இது சாதாரண எண் இல்லை. கையிலிருந்த பேப்பரின் ஓரத்திலேயே வகுக்க ஆரம்பித்துவிட்டேன்.

510 இரண்டு தடவை வருகிறது அல்லவா? அப்படியென்றால் இது 510 ஆயிரமும் இன்னொரு 510-ம் சேர்ந்தது, அதாவது 510 × 1001. இந்த 1001-ஐப் பிரித்தால் 7 × 11 × 13. ஆகவே எந்த மூன்று இலக்க எண்ணை அடுத்தடுத்து இரண்டு தடவை எழுதினாலும் அது 7, 11, 13 மூன்றாலும் மீதியில்லாமல் வகுபடும். 347347-ஐ எடுங்கள். 7-ஆல் வகுத்தால் 49621, அதை 11-ஆல் வகுத்தால் 4511, அதை 13-ஆல் வகுத்தால் பழையபடி 347. பிள்ளைகளிடம் செய்து காட்டினால் கண் விரியும்.

சரி, மிச்சமிருக்கும் 510? அது 2 × 3 × 5 × 17. எல்லாவற்றையும் வரிசைப்படுத்தினால் 2, 3, 5, 7, 11, 13, 17. முதல் ஏழு பகா எண்கள், ஒன்றுகூட விடுபடாமல், ஒன்றுகூட இரண்டு தடவை வராமல்! இப்படிப் பகா எண்களை முதலிலிருந்து வரிசையாகப் பெருக்கி வருவதைப் பிரைமோரியல் என்பார்கள். ஏழு வெவ்வேறு பகாக் காரணிகள் கொண்ட எண்களில் மிகச் சிறியது இதுதான்.

ஒரு காரணியை உருவாக்க, ஏழு பகா எண்களில் ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம். ஏழு முறை இரண்டிரண்டு வழி, ஆக மொத்தம் 128 காரணிகள். தன்னை விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டினால் 1231314. எண்ணையே தாண்டிவிடுவதால் இது மிகை எண்.

ஆனால் காரணிகளின் எண்ணிக்கையில் இதைவிடச் சிறிய 498960 முந்திவிடுகிறது. அதற்கு 200 காரணிகள். அதில் 2-ம் 3-ம் நான்கு நான்கு தடவை வருகின்றன. சிறிய பகா எண்களை அடுக்கினால் காரணிகள் பெருகும். இப்படித் தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களைப் பற்றித்தான் ராமானுஜன் 1915-இல் நீண்ட கட்டுரை எழுதினார்.

அப்புறம், 714 × 715 என்றாலும் 510510 வரும். 13, 21, 34, 55 என்ற அடுத்தடுத்த நான்கு ஃபிபனாச்சி எண்களை (முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் வரிசை) பெருக்கினாலும் இதேதான். எனக்கு இதில் இந்த இரண்டாவதுதான் ரொம்பப் பிடித்தது.

கடைக்காரரின் லாட்டரிக் கட்டில் 510510-க்கு அடுத்த சீட்டு 510511. ஒன்று கூடியதும் அந்த ஏழு பகா எண்களில் எதனால் வகுத்தாலும் மீதி 1. அப்போது அது பகா எண்ணாகத்தான் இருக்குமோ என்று தோன்றியது. 17-க்கு அடுத்த பகா எண்ணான 19-ஐப் போட்டேன், உடனே வகுபட்டுவிட்டது: 19 × 97 × 277.