மண்டபத்தில் ஒலித்த பாட்டும் இணையத்தில் போன பாட்டும்

ஆவணி மாத முகூர்த்த நாள் ஒன்றில், பிற்பகல் 3 மணிக்கு ஓர் இளைஞர் என் அலுவலகத்துக்கு வந்தார். நெற்றியில் சந்தனம் இன்னும் காயவில்லை. திருமண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோ வைத்திருப்பவர். அன்று காலை நடந்த திருமணத்தை இணையத்தில் நேரலையாக விட்டிருக்கிறார். மணப்பெண்ணின் பாட்டி சிங்கப்பூரில், முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து படுக்கையில் இருந்தார். பேத்தியின் கழுத்தில் தாலி ஏறுவதைத் திரையிலாவது பார்த்துவிடக் காத்திருந்தார். மாப்பிள்ளை மணவறைக்கு வரும்போது மண்டபத்து ஒலிபெருக்கியில் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டார்கள். சிறிது நேரத்தில் நேரலை நின்றுபோனது. கெட்டிமேளம் முழங்கியபோது பாட்டியின் திரையில் எச்சரிக்கை வாசகம் மட்டுமே இருந்தது.

"சார், நான் எந்தப் பாட்டையும் திருடவில்லையே. மண்டபத்தில் போட்டார்கள், என் மைக்கில் விழுந்தது. இது குற்றமா?" என்று கேட்டார். பெண் வீட்டார் பணத்தைத் திருப்பிக் கேட்டதைவிட, தன்னைத் திருடன் என்று அந்தத் தளம் சொல்லிவிட்டது போன்ற வருத்தமே அவர் குரலில் அதிகம் இருந்தது.

பதிப்புரிமை வழக்குகளை நடத்தும் எனக்கு இந்தக் கேள்வி மாதத்துக்கு நாலைந்து முறையாவது வருகிறது. கோயில் திருவிழா நேரலை, பள்ளி ஆண்டுவிழா, உடற்பயிற்சி வகுப்பு, சமையல் காணொளி என்று இடம்தான் மாறும். (செய்தித்தாள்கள் பலமுறை இதைக் காப்புரிமை என்று எழுதிவிடுகின்றன. அது கண்டுபிடிப்புகளுக்கானது. பாட்டுக்கு உள்ளது பதிப்புரிமை. 1957ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கென்றே இருக்கிறது.)

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் காதில் விழுவது ஒரே பாட்டு, ஆனால் சட்டத்தின் கண்ணில் அது மூன்று படைப்பு. பாடல் வரி இலக்கியப் படைப்பு, மெட்டு இசைப் படைப்பு, பதிவுக்கூடத்தில் உருவானது ஒலிப்பதிவு. மூன்றுக்கும் உரிமையாளர் வேறு வேறாக இருக்கலாம். பாடகருக்கு இவற்றுக்கு அப்பால் நிகழ்த்துநர் உரிமையும் உண்டு.

பாரதியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பாடல்களை 1949இலேயே அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டது. அவர் வரியை யார் வேண்டுமானாலும் பாடலாம், மெட்டமைக்கலாம். ஆனால் பத்தாண்டுக்கு முன் ஒரு பாடகி அதே வரியைப் பாடி வெளியிட்ட ஒலிப்பதிவை நீங்கள் எடுத்து உங்கள் காணொளிக்குப் பின்னணியாக ஓடவிட்டால் உரிமை மீறல்தான். "பாரதி பாட்டுக்கு யாரய்யா சொந்தக்காரர்?" என்று கேட்டுக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வரிக்குச் சொந்தக்காரர் இல்லை, அந்தப் பதிவுக்கு இருக்கிறார். தியாகராஜர் கீர்த்தனைக்கும் இதே கணக்குத்தான்.

பழைய பாட்டு என்றால் கவலை இல்லை என்பதும் பாதி உண்மைதான். ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1964இல் வெளியான இசைத்தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2024 முடிவோடு தீர்ந்தது. ஆனால் வரிக்கும் மெட்டுக்கும் கணக்கு வேறு: படைத்தவர் வாழ்நாளும், அவர் மறைந்த பின் 60 ஆண்டும்.

இனி "இணையத்தில் விடுவது" என்பதற்கு வருகிறேன். பொதுமக்களுக்கு எட்டச் செய்வது, உரிமையாளருக்கு மட்டுமே உள்ள உரிமைகளில் ஒன்று. அது என்ன என்று 2(ff) பிரிவு விளக்குகிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் உள்ள வாசகப்படி, பொதுமக்களில் எவரும் உண்மையில் அதைக் கேட்டார்களா, பார்த்தார்களா என்பது பொருட்டே இல்லை. எட்டும்படி வைத்ததே போதும். "என் காணொளியைப் பார்த்ததே 11 பேர்தான்" என்ற வாதம் இங்கே உடைந்துவிடுகிறது.

"நான் இதில் ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்கவில்லை" என்பதும் அப்படியே. தெரிந்தே செய்யும் மீறலுக்கு 63ஆவது பிரிவு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் வைத்திருக்கிறது. இது பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. லாப நோக்கமில்லை என்றால் நீதிமன்றம் தக்க காரணம் காட்டித் தண்டனையைக் குறைக்கலாம். அதனால் மீறல் மீறல் இல்லாமல் போய்விடாது. 10 நொடி, 30 நொடி வரை பயன்படுத்தலாம் என்ற பேச்சு எங்கிருந்து வந்ததோ, சட்டத்தில் அப்படி ஓர் அளவு இல்லை. "பாட்டு உரிமையாளருக்கு நன்றி" என்று கீழே எழுதுவது பண்பு, ஆனால் அனுமதி ஆகாது.

அப்படியானால் பாட்டைக் கேட்பவர்? பயந்துபோய்க் கேட்கும் கல்லூரி மாணவர்களுக்கு நான் சொல்வது இது: உரிமையாளருக்கென ஒதுக்கிய செயல்களின் பட்டியலில் பாட்டைக் கேட்பது இல்லை. பரப்புவது இருக்கிறது. 2012க்குப் பின் ஒலிப்பதிவை மின்னணு வடிவில் சேமிப்பதும் இருக்கிறது. ஆகவே திருட்டுத் தளத்திலிருந்து பாட்டை இறக்கி வைப்பதையும், மற்றவர்களுக்கு அனுப்புவதையும் ஓடும் பாட்டைக் கேட்பதோடு ஒன்றாக எண்ண வேண்டாம். தனிப்பட்ட பயன்பாட்டுக்குச் சட்டம் விலக்கு தந்திருக்கிறது. ஆனால் அந்த விலக்கின் நிழலில் செயலிகள் ஒதுங்க முடியாது என்று டிப்ஸ் என்ற இசை நிறுவனம் விங்க் என்ற இசைச் செயலி மீது தொடுத்த வழக்கில் மும்பை உயர் நீதிமன்றம் 2019இல் சொன்னது. வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் உள்ள சட்டமுறை உரிம வசதி (உரிமையாளரின் சம்மதத்துக்குக் காத்திராமல், நிர்ணயித்த தொகையைக் கட்டி ஒலிபரப்பும் வசதி) இணைய இசைச் சேவைக்குப் பொருந்தாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. 2022இல் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்தது. பெரிய செயலியே உரிமையாளரிடம் பேசி வாங்க வேண்டியதை நீங்களும் நானும் கேட்காமல் எடுத்துக்கொள்ள வழியில்லை. மாதச் சந்தா கட்டி வாங்குவது நம் காதுக்கான அனுமதி. அதே கணக்கைத் துணிக்கடை ஒலிபெருக்கியில் இணைக்கும்போது அந்த அனுமதியின் எல்லை முடிந்துவிடுகிறது.

இந்தக் கண்டிப்பின் பக்கம் நான் நிற்பதற்குக் காரணம் உண்டு. 2012க்கு முன் பாடலாசிரியர்கள் பலர் ஒரே கையெழுத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு, பின்னாளில் தங்கள் வரி ஊரெல்லாம் ஒலிப்பதை வெறும் கையோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாநிலங்களவையில் இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் போன்றோர் வாதாடிய அந்தத் திருத்தம், திரையரங்குக்கு வெளியே பாட்டு பயன்படும்போது கிடைக்கும் பங்கை எழுதியவரும் இசையமைத்தவரும் விட்டுக்கொடுக்கவே முடியாதபடி செய்தது. அனுமதி இல்லாமல் ஓடும் ஒவ்வொரு பாட்டும் அந்தப் பங்கையும் சேர்த்தே விழுங்குகிறது.

சரி, அந்த ஸ்டூடியோக்காரர். திருமண ஊர்வலத்திலும் திருமணம் சார்ந்த கொண்டாட்டங்களிலும் பாட்டு ஒலிப்பது மீறல் ஆகாது என்று 52(1)(za) பிரிவு விலக்கு தருகிறது. மண்டபத்தில் பாட்டுப் போட்டவர் மேல் தவறில்லை. ஆனால் அந்தப் பிரிவு சடங்கின் போக்கில் ஒலிப்பதைப் பற்றிப் பேசுகிறது. யாரும் திறந்து பார்க்கலாம், அடுத்த ஆண்டும் அங்கேயே கிடக்கும் என்ற நிலையில் உள்ள பொது ஒளிபரப்பை அதற்குள் நுழைக்கலாம் என்று நான் யாருக்கும் ஆலோசனை சொல்வதில்லை. தவிரவும், நேரலையை நிறுத்தியது நீதிபதி அல்ல, ஒலியை ஒலியோடு ஒப்பிடும் மென்பொருள். அதற்கு விலக்குப் பிரிவுகள் தெரியாது. சொந்தக் குரலில் கீர்த்தனை பாடியவரையே அது பிடித்த கதைகள் உண்டு.

ஆகவே அறிவிப்பு வந்தால் பதறிக் கணக்கை அழித்துவிடாதீர்கள். யார், எந்த உரிமையைக் கோருகிறார், வரியா, மெட்டா, ஒலிப்பதிவா என்று பாருங்கள். யூடியூபில் உரிமைக் கோரல் வேறு, எச்சரிக்கைப் புள்ளி (ஸ்ட்ரைக்) வேறு. கோரல் பெரும்பாலும் விளம்பர வருமானத்தைத் திருப்பிவிடும், அல்லது காணொளியை முடக்கும். புள்ளி 90 நாளுக்குள் மூன்று சேர்ந்தால் சேனலே போய்விடும். கோரல் தவறு என்று உறுதியாகத் தெரிந்தால் மறுப்புப் பதிவு செய்யுங்கள், கோரியவர் பதில் சொல்ல 30 நாள் இருக்கிறது. உறுதி இல்லாமல் மறுப்பது வம்பை வளர்க்கும்.

அந்த இளைஞர் இப்போது ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: நேரலையின்போது ஒலிபெருக்கிப் பாட்டுக்கு ஸ்டூடியோ பொறுப்பல்ல. மைக்கை ஐயர் பக்கமும் நாதஸ்வரக்காரர்கள் பக்கமும் மட்டும் வைக்கிறார். மாப்பிள்ளை வரும்போது பாட்டுப் போட்டே ஆக வேண்டும் என்றால், நேரலையின் ஒலியை அந்தச் சில நிமிடம் அடைத்துவிடுகிறார். வெளிநாட்டு உறவினர்கள் சிலரே என்றால் அழைப்பு பெற்றவர்கள் மட்டும் நுழையும் காணொளி அழைப்புக்கு மாறிவிடச் சொல்கிறார். அன்றைய திருமணக் காட்சி கேமராவில் முழுதாக இருந்தது. அன்று இரவே அதைக் கோப்பாகச் சிங்கப்பூருக்கு அனுப்பிவைத்தார்.