ஆல்டர் பீஸ் (பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டியது) கூடினால் டெய்லரைத் திட்டும் முன் டேபிளைப் பாருங்கள்

மறுபடியும் ஒரு செக்கிங் அக்கா, தைத்து வந்த பீஸில் குறை பார்க்கிறவர். கட்டைவிரலை உள்ளே மடக்கி மணிக்கட்டைச் சாய்த்தால் உயிர் போகிறது என்கிறார். அவர் பிசிர் வெட்டுகிற டிரிம்மரை வாங்கிப் பார்த்தேன், சுத்த மொக்கை. ஒரே வெட்டில் போக வேண்டிய நூலை மூன்று தடவை நெரிக்கிறார், அதற்கும் வராவிட்டால் இழுக்கிறார், இழுத்தால் பனியன் துணியில் ஓட்டை விழும், அந்த பீஸ் ரிஜெக்ட். டிரிம்மர் விலைக்குக் கணக்குப் பார்க்கும் கம்பெனி ரிஜெக்ட் ஆன டிஷர்ட்டின் விலைக்கு ஏன் பார்ப்பதில்லை என்று திருப்பூரில் பிசியோதெரபி பார்க்கிற எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பேக்ரெஸ்ட் வைத்த நாற்காலி போடுங்கள் என்று சொன்னால் வரும் பதில் எனக்கு மனப்பாடம்: "சாஞ்சு உக்காந்தா தூங்கிருவாங்க மேடம்." பீஸ் ரேட்டில் தைக்கிறவர் எதற்குத் தூங்கப் போகிறார்? போவது அவருடைய கூலி. ஷிப்ட் சம்பளக்காரர் தலைக்கு மேலேயோ மணிக்கு மணி டார்கெட் எழுதும் போர்டு தொங்குகிறது. அப்புறம், தையல் மெஷினில் யாரும் நாள் முழுக்கச் சாய்ந்து உட்கார முடியாது. பீஸ் மாற்றும் இடைவெளியில் இடுப்புக்கு ஒரு பிடிமானம், அவ்வளவுதான் கேட்கிறேன். அது இல்லாத ஸ்டூலில் வேஸ்ட் துணியைச் சுருட்டிப் போட்டு உயரம் ஏற்றிக்கொண்டு, கழுத்தை நீட்டி ஓவர்லாக் (துணியின் ஓரம் பிரியாமல் போடும் தையல்) அடிப்பவருக்கு, ஒன்றரை ஷிப்டின் கடைசி மணிகளில் தோள் இறுகி, துணியை நேராக நகர்த்த வேண்டிய கை தடுமாறும். தையல் ஓரம் விட்டு ஓடும். அன்றைய ஆல்டர் பீஸ்களை எந்த மணியில் தைத்தது என்று பிரித்துப் பாருங்கள், நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு செக்கரைப் போட்டால் தப்பு பிடிபடும், குறையாது.

முதலாளிகளுக்கு: கட்டிங் பண்டலை, அதாவது தைக்க வரும் வெட்டிய துணிக்கட்டை, தரையில் வைக்காதீர்கள். குனிந்து எடுக்க பீஸுக்கு 3 விநாடி என்றாலும் 1000 பீஸுக்கு 50 நிமிடம். இடது கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு ஸ்டாண்ட், உங்கள் ஃபிட்டரே வெல்டிங் வைத்துக் கொடுப்பார். டேபிளின் உயரம் முழங்கை மட்டத்தை ஒட்டி இருக்கட்டும், பெடலை டெய்லர் பக்கம் நகர்த்துங்கள். செக்கிங் டேபிளில் 1000 லக்ஸ் வெளிச்சம் வேண்டும். போனில் இருக்கிற ஆப் கூட தோராயமாகக் காட்டிவிடும். நின்று வேலை செய்கிறவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆவது பிரிவே சொன்னது, இதை பையரின் (துணி வாங்கும் கம்பெனியின்) ஆடிட்டர் வந்து சொல்லும் வரை காத்திருப்பது என்ன பழக்கமோ. டிரிம்மர் மொக்கையானால் அன்றே மாற்றுங்கள்.

அக்கா, தம்பிகளுக்கு: டீ டைமில் மெஷினை விட்டு எழுந்திருங்கள். பாத்ரூம் போக வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கி தினமும் போட்டுக்கொண்டு தைப்பது வைத்தியம் இல்லை, வயிறும் கிட்னியும் போகும். ராத்திரி தூக்கத்தில் கை மரத்துப்போய் உதறிக்கொண்டு எழுந்தால் அந்த வாரமே வந்து காட்டுங்கள், தயவுசெய்து. கட்டைவிரலின் அடிச்சதை வற்றிய பிறகு வந்தால் என்னால் செய்ய முடிவது கொஞ்சம்தான்.