மணற்பாறை மலையில் காடு எப்படி மண்ணை உருவாக்குகிறது

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் கிணறு தோண்டுகிறவர்கள் முதலில் செவல் மண்ணையும் சரளையையும் காண்பார்கள். அதன் கீழே, இரும்பு மிகுந்து இறுகிய செம்புராங்கல் வரும். அதற்கும் கீழே வெள்ளை, மஞ்சள், ஊதா என நிறம் மாறிக்கொண்டே போகும் மணற்பாறை பல இடங்களில் தென்படும். நிலவியலார் கடலூர் மணற்பாறை என்று அழைக்கும் தொகுதியைச் சேர்ந்த இப்பாறை செட்டிநாட்டின் அடியில் பரந்து கிடந்தாலும், அது சமவெளியில், வெயிலுக்கும் உழவுக்கும் ஆட்பட்டு இருப்பதால், மணற்பாறையிலிருந்து காட்டு மண் உருவாகும் விதத்தை இங்கே முழுமையாகப் பார்க்க முடிவதில்லை. அதைப் பார்க்க மணற்பாறை மலையாக எழுந்து நின்று, அதன் மேல் அடர்ந்த காடும் நல்ல மழையும் இருக்க வேண்டும். நமக்கு அருகிலுள்ள பிரான்மலை இதற்கு உதவாது. கொடைக்கானலும் ஏற்காடும் உதவா. தமிழ்நாட்டு மலைகளில் பெரும்பாலானவை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பழம்பாறைகளால் ஆனவை. மத்தியப் பிரதேசத்தின் சாத்பூரா மலைத்தொடரில் உள்ள பச்மடி பீடபூமிதான் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே ஏறக்குறைய 24 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் கொட்டிய மணல் பாறையாகி, இன்று 1350 மீட்டர் உயரமுள்ள தூப்கட் சிகரம் வரை எழுந்து நிற்கிறது.

மணற்பாறை என்பது ஏற்கெனவே ஒரு முறை சிதைந்து, அடித்துவரப்பட்டு, மீண்டும் ஒட்டிக்கொண்ட பொருள். 2 மில்லிமீட்டருக்குக் குறைந்த மணல்மணிகளைச் சிலிக்காவோ சுண்ணாம்போ இரும்பு ஆக்சைடோ களிமமோ (களிமண்ணில் உள்ள நுண்கனிமம்) பசையாகப் பிணைத்திருக்கும். மழைநீர் காற்றிலிருந்தும், அதைவிட அதிகமாக வேர்களின் மூச்சிலிருந்தும் கரியமில வாயுவை ஏற்று மென்மையான அமிலமாகிப் பாறைக்குள் கசியும்போது, அது முதலில் தாக்குவது மணியை அல்ல, பசையைத்தான். சுண்ணாம்புப் பசை விரைவில் கரைந்துவிடும். இரும்புப் பசை மெல்ல நெகிழும். சிலிக்காப் பசை அசைந்து கொடுக்காது. பசை போனபின் உதிர்வது பெரும்பாலும் குவார்ட்ஸ், அதாவது நாம் வெங்கச்சங்கல் என்று சொல்லும் அதே கனிமம். மண் உருவாகும் கால அளவில் குவார்ட்ஸ் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை என்பதால், பாறை மணலாகிறதே தவிர மணல் வேறொன்றாகிவிடுவதில்லை. மணலுக்கிடையில் பெல்ஸ்பார் என்ற, குவார்ட்ஸைவிட எளிதில் சிதையும் கனிமம் கொஞ்சம் இருந்தால் மட்டுமே அது நீருடன் வினைபுரிந்து கயோலினைட் என்ற வெண்களிமமாகி, மண்ணுக்குச் சிறிதளவு பிடிமானத்தைத் தருகிறது. ஆகவே மணற்பாறை மண்ணின் தரத்தை அறிய விரும்புகிறவர், அந்தப் பாறையில் எவ்வளவு பெல்ஸ்பார் இருந்தது, பசை எதனால் ஆனது என்ற இரண்டையும் முதலில் கேட்க வேண்டும்.

இந்த மண்ணின் மிகப் பெரிய குறை சத்தைப் பிடித்து வைக்க இயலாமை. கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் ஆகியவை நீரில் நேர்மின்னூட்டமுள்ள அயனிகளாகத் திரிகின்றன; அவற்றை ஈர்த்து நிறுத்த மண்துகளின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் வேண்டும். கரிசலில் உள்ள களிமம் 100 கிராமுக்கு 80 முதல் 120 மில்லிசமானம் (அயனிகளின் மின்னூட்ட அளவைக் குறிக்கும் அலகு) வரை இத்தகைய அயனிகளைத் தாங்கும். கயோலினைட் தாங்குவது 3 முதல் 15 வரை. குவார்ட்ஸ் மணலுக்கு அந்தத் திறன் பூச்சியம் என்றே சொல்லிவிடலாம். நன்கு மக்கிய இலைமக்கோ 200 அளவுக்குத் தாங்கும். எனவே மணற்பாறை மலையில் வளத்தைத் தாங்குவது பாறையும் அல்ல, அதிலிருந்து வந்த மணலும் அல்ல. மேலே ஒரு சாண் கனத்துக்குப் படிந்திருக்கும் மக்குதான். அந்தக் கருத்த மேலடுக்கை விலக்கிப் பார்த்தால், கீழே சட்டென்று நிறம் வெளுத்து, அமிலத் தன்மை மிகுந்து, அரையடிக்குள்ளேயே வேர்களும் குறைந்துபோவதைக் காணலாம்.

காடு இந்தக் குறையோடு வாழக் கற்றிருக்கும் விதம் எனக்கு மிகவும் வியப்பளிக்கிறது. உதிர்ந்த சருகு மக்கத் தொடங்கியதும் அதற்குள்ளேயே மெல்லிய வேர்கள் மேல்நோக்கி ஏறி, வெளிப்படும் சத்தை மழை அடித்துச் செல்லும் முன்பே உறிஞ்சிவிடுகின்றன. கையிருப்பு முதல் ஏதுமின்றிக் கொடுக்கல் வாங்கலின் வேகத்திலேயே ஓடும் லேவாதேவியைப் போன்றது இது. சுழற்சி ஒரு நாள் நின்றால் தொழில் முழுவதும் நிற்கும். இந்த வேகத்துக்குத் துணை நிற்பவை வேர்ப்பூஞ்சைகள். பச்மடியின் சால மரம் தன் வேர் நுனிகளை உறையாகப் போர்த்தும் பூஞ்சைகளோடு கூட்டு வைத்திருக்கிறது. அப்பூஞ்சைகளின் இழைகள் மரத்தின் வேரால் எட்ட முடியாத இடுக்குகளில் நுழைந்து, இரும்பும் அலுமினியமும் கட்டி வைத்திருக்கும் பாஸ்பரசைச் சிறிது சிறிதாக விடுவித்துக் கொண்டுவருகின்றன. பதிலுக்கு மரம் அவற்றுக்குச் சர்க்கரை தருகிறது.

நீரைப் பொறுத்தவரை இம்மண் இரண்டு முகம் காட்டுகிறது. மணலின் இடைவெளிகள் பெரியவை என்பதால் கனமழைகூட மேலே ஓடாமல் உள்ளே இறங்கிவிடும். ஆனால் அதே காரணத்தால், மண்ணிலேயே தங்கி மரத்துக்குக் கிடைக்கும் நீர் ஒரு மீட்டர் ஆழத்துக்கு 60 முதல் 80 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். வண்டல் கலந்த நல்ல மண்ணில் அது இதைப் போல் இரு மடங்கு இருக்கும். இறங்கிய நீர் பாறையின் வெடிப்புகள் வழியே சென்று, ஊடுருவ முடியாத களிப்பாறை அடுக்கு குறுக்கிடும் இடத்தில் சரிவிலிருந்து ஊற்றாகக் கசிகிறது. மழை நின்று பல மாதங்களுக்குப் பின்னும் மணற்பாறை மலைகளின் ஓடைகள் ஓடுவது இதனால்தான். வழியில் கரைப்பதற்குச் சுண்ணாம்பு அதிகம் இல்லாததால் அந்த நீர் மென்னீராகவே வெளிவரும். காட்டுத்தீக்குப் பின்னர் நிலைமை தலைகீழாகிறது. எரியும் சருகிலிருந்து எழும் மெழுகுப் பொருள்கள் மணல்மணிகளின் மேல் படிந்து நீரை விலக்குவதால், அடுத்த மழை உள்ளே இறங்காமல் சரிவில் வழிந்து, பல தலைமுறைகளாகச் சேர்ந்த மக்கை அடித்துக்கொண்டு போய்விடும்.

சரிவும் தன் பங்குக்கு மண்ணை வகைப்படுத்துகிறது. உச்சியிலும் செங்குத்தான பக்கங்களிலும் மண் சில அங்குலத்துக்கு மேல் நிற்காது. அடிவாரத்தில், உருண்டு வந்த கற்களும் கழுவி வந்த நுண்துகளும் சேர்ந்து மீட்டர் கணக்கில் ஆழமான மண் கிடக்கும்.

செட்டிநாட்டு வாசகருக்கு இங்கே ஒரு கேள்வி எழும்: மணற்பாறையின் மேல் நமக்குக் கிடைத்தது செம்புராங்கல் என்றால், மலைக்காட்டில் ஏன் வெளுத்த மண் இருக்கிறது? விடை இரும்பின் போக்கில் இருக்கிறது. ஜெர்மனியின் கருங்காடு போன்ற குளிர்ந்த, ஈரமான மணற்பாறை மலைகளில், ஊசியிலைச் சருகு மெதுவாக மக்கி வலுவான கரிம அமிலங்களை வெளிவிடுகிறது. அவை இரும்பையும் அலுமினியத்தையும் பற்றிக் கீழே இழுத்துச் செல்ல, மேலே சாம்பல் நிற மணலும் அதன் கீழே துருநிறப் படிவும் எஞ்சுகின்றன. நம்முடைய வெப்பத்தில் சருகு விரைவில் மக்கி மறைந்துவிடுவதால் அந்த அமிலங்கள் நிலைத்திருப்பதில்லை. மாறாக, களிமங்களில் இருந்த சிலிக்காவே மெல்லக் கரைந்து வெளியேற, இரும்பும் அலுமினியமும் பின்தங்கி, ஈரமும் காய்ச்சலும் மாறிமாறி வரும்போது கல்லாக இறுகுகின்றன. ஸ்காட்லாந்து மருத்துவரும் ஆய்வாளருமான பிரான்சிஸ் புக்கானன் மலபாரில் இதே வகைக் கல்லைக் கண்டு, வெட்டும்போது மென்மையாகவும் காற்றுப் பட்டபின் கடினமாகவும் ஆவதை 1807இல் வெளியிட்ட நூலில் விவரித்தார். ஊருணிப் படிகளுக்கும் வீட்டு அடித்தளத்துக்கும் இந்தக் கல்லைப் பயன்படுத்தியவர்கள் இந்தக் குணத்தை நன்றாகவே அறிந்திருந்தார்கள். பச்மடி இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் இருக்கிறது. உயரத்தால் வெப்பம் சற்றுத் தணிந்தாலும், அங்கே குளிர்நாட்டு வெளுப்பு முழுமையாக நிகழ்வதில்லை.

பச்மடிப் பகுதியில் மரங்களே மண்ணைப் படம் வரைந்து காட்டுகின்றன. மணற்பாறை மேல் சாலமும், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு உறைந்து உருவான தக்காணப் பாறை மேல் தேக்குமாகக் காடு பிரிந்து நிற்பதை வனவியலார் நெடுங்காலமாகக் குறித்து வந்திருக்கிறார்கள். எரிமலைப் பாறை சிதையும்போது கால்சியத்தைத் தாராளமாக விடுவிக்கிறது. தேக்கு கால்சியத்தை மிகுதியாக வேண்டும் மரம், அமில மண்ணில் சோர்ந்துவிடும். சாலம் அந்த வறுமையைப் பொறுத்துக்கொள்கிறது.

இதை வைத்துக்கொண்டு தேக்குக்கு மணற்பாறை ஆகாது என்று விதி எழுதிவிடக் கூடாது. செட்டிநாட்டு வீடுகளின் தூண்களாக நிற்கும் பர்மாத் தேக்குக்குப் பேர்போன, மியான்மரிலுள்ள பெகு யோமா மலைத்தொடரும் மணற்பாறையால் ஆனதே. ஆனால் அந்த மணல் கடலில் படிந்தது. இடையிடையே களிப்பாறை அடுக்குகள் கொண்டது. அதனால் அங்கே உருவாகும் மண்ணில் களிமமும் சத்தும் தூய குவார்ட்ஸ் மணலில் இருப்பதைவிடக் கூடுதலாக இருக்கும்.